சுடாத தண்டவாளம்

கத்தரி வெயிலில், உச்சி வேளையில், தாம்பரத்துக்குத் தெற்கே தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இருக்க மாட்டீர்கள். ஓடினது நாங்கள் நாலு பேர்: துரை, சின்னப்பன், சவுரிமுத்து, நான். ரயில்வேயில் எங்களுக்கு டிராலிமேன் என்று பெயர். நான் தேவானந்தம். எட்டாவது வரை படித்தவன் என்பதால் சவுரிமுத்துவைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

டிராலி என்றால் பெரிய வண்டி ஒன்றுமில்லை. நாலு சின்னச் சக்கரம், அதன் மேல் பலகை, பலகையில் ஒரு நாற்காலி, நாற்காலிக்கு மேலே ஒரு குடை. குடைக்குக் கீழே லைன் இன்ஸ்பெக்டர் ராஜகோபாலன் சார். எங்கே ஆணி கழன்றிருக்கிறது, எங்கே வெயிலில் இரும்பு நெளிந்திருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டே வருவார். ஒரு தண்டவாளத்துக்கு ஒரு ஆளாக இரண்டு பேர் அதன் மேலேயே ஓடி டிராலியைப் பின்னாலிருந்து தள்ளுவோம். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வோம். வேகம் குறைந்தால் அடுத்த இரண்டு பேர் இறங்குவார்கள். இதுதான் பிழைப்பு.

பார்க்கிறவர்கள் நாங்கள் கையால் தள்ளுவதாக நினைப்பார்கள். கை வெறும் தரகன். தள்ளுவது கால். கால் தண்டவாளத்தைப் பின்னால் உதைத்தால், தண்டவாளம் அதே அளவுக்கு நம்மை முன்னால் உதைக்கும். அந்த உதையைக் கை வாங்கி டிராலிக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மழை நாளில் கால் வழுக்கிவிட்டால் எந்தப் பயில்வான் வந்து கையை வைத்தாலும் டிராலி அசையாது. செருப்பும் வழுக்கும். அதனால்தான் வெறுங்கால். வெயில் காலத்தில் கோணித் துண்டை நனைத்துப் பாதத்தில் சுற்றிக்கொள்வோம். அதுவும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், ஆனால் வெந்து போவதைவிடத் தேவலை.

சவுரிமுத்து மட்டும் எதையும் சுற்ற மாட்டான்.

அவன் கோவளத்துக்காரன். அப்பன், அண்ணன் எல்லோரும் கட்டுமரத்தில் போகிறவர்கள். அவனுக்குக் கடல் பிடிக்கவில்லை. "தண்ணியில இன்னாத்த உதைக்கறது? நாம உதைச்சா அது வழிவுட்டுகினு போவுது. இரும்பு அப்படியா? நாம ஒண்ணு குட்த்தா அதுவும் ஒண்ணு திருப்பிக் குட்க்கும். அதான் மரியாதி" என்பான். அறுபத்து மூன்றில் எங்களோடு வந்து சேர்ந்தான். நல்ல உயரம், கறுத்த உடம்பு, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். ஜெயசீலியைக் கட்டி, இரண்டு பிள்ளைகள் பெற்று, ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தான்.

முதல் இரண்டு கோடையும் எங்களைப் போல அவனும் "ஆ, ஊ" என்று குதித்தவன்தான். மூன்றாம் கோடையில் கோணியை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடினான். நாங்கள் வாயைப் பிளந்தோம். சின்னப்பன் அவனைச் சாமியார் என்றான். துரை, "இன்னா மச்சான், காலுக்கு லாடம் அட்ச்சிகினியா?" என்று கேட்டான். ராஜகோபாலன் சார் குடைக்குக் கீழிருந்து திரும்பிப் பார்த்து, "சபாஷ்டா சவுரி, ஆம்பளைன்னா நீதான்" என்றார். அதற்கப்புறம் 'வெயில் சவுரி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மற்ற செக்‌ஷன் ஆட்கள்கூட அவனை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உச்சி வேளை இன்ஸ்பெக்‌ஷன் என்றால் சார் அவனைத்தான் கூப்பிடுவார். இரும்பு நெளிவது உச்சி வேளையில்தானே. பாராட்டு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அவன் அந்தப் பெயரைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தான்.

இதில் இருந்த அசட்டுத்தனத்தை இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இரும்பு சுடுகிறது. நாலு பேரில் மூன்று பேருக்குச் சுடுகிறது, ஒருவனுக்குச் சுடவில்லை. அப்படியென்றால் அவன் காலில் ஏதோ கோளாறு என்று ஒரு மனிதனுக்காவது தோன்ற வேண்டாமா? எங்களுக்கெல்லாம் அது வீரமாகத் தெரிந்தது.

அறுபத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஜெயசீலி வாசலைப் பார்த்தாள். படியிலிருந்து அடுப்படி வரை சிவப்புச் சொட்டு. அவன் இடது காலைத் தூக்கிப் பார்த்தால், செருப்பையும் துளைத்துப் பாதத்துக்குள் ஒரு லாட ஆணி ஏறியிருந்தது. கோயிலிலிருந்து வீடு வரை அதோடுதான் நடந்து வந்திருக்கிறான். அவள் குறடு வைத்து அதைப் பிடுங்கினாள். அவன் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து வாயை எடுக்காமலே, "இன்னாடி பண்ற கீழ?" என்றான்.

அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடிப் போனேன். ஜெயசீலி ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிற்று. தன் பாதத்தைத் தானே கிள்ளிப் பார்த்தான். மறுபடி கிள்ளினான். நகம் பதிந்து ரத்தம் வரும்வரை கிள்ளினான்.

"தேவா, எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றான்.

அந்தச் சித்தப்பாவைக் கோவளத்தில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள். சோற்றைத் தூரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வருவார்களாம். பெரிய வியாதி, குஷ்டம். அந்த வார்த்தையைச் சவுரி சொல்லவில்லை, ஜெயசீலியும் சொல்லவில்லை. அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சரோஜினி என்று ஒரு அம்மா. அவன் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பஞ்சால் தொட்டார். "தொட்டதும் சொல்லுங்க" என்றார். பஞ்சு தொட்டது, குண்டூசி தொட்டது. சவுரி கண்ணை மூடிக்கொண்டு காத்துக்கொண்டே இருந்தான். "இன்னும் தொடலியா அம்மா?" என்று கேட்டான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

டாக்டரம்மா கோபப்படவும் இல்லை, அருவருப்புக் காட்டவும் இல்லை. மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் நிற்கும், மற்றவர்களுக்கும் பரவாது என்றார். அப்புறம் அவனுடைய வேலையைக் கேட்டார். சொன்னான். அவர் முகம் மாறிற்று.

"நீங்க தண்டவாளத்தை எவ்வளவு பலமா மிதிக்கிறீங்களோ, அது உங்க காலை அவ்வளவு பலமாத் திருப்பி மிதிக்கும். நாம நடக்கறது, ஓடறது எல்லாம் அதுலதான். ஆனா அந்த மிதி அதிகமானா எனக்கு வலிக்கும். என்னை அறியாமலே காலை மாத்தி வெப்பேன், நொண்டுவேன், உக்காருவேன். உங்களுக்கு வலி சொல்லாது. தண்டவாளம் திருப்பி மிதிச்சுக்கிட்டே இருக்கும், நீங்க வாங்கிக்கிட்டே இருப்பீங்க. உள்ளுக்குள்ள சதை நசுங்கிப் புண்ணாயிடும்."

"கொஞ்சம் மெதுவா மிதிச்சா அம்மா?"

"மெதுவா மிதிச்சா உங்க டிராலி நகருமா?"

ஆறு வாரம் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கையில் இருக்க வேண்டும், அதற்கப்புறம் டிராலி கூடவே கூடாது, இல்லாவிட்டால் கால் போய்விடும் என்றார் டாக்டரம்மா. சவுரி கும்பிட்டுவிட்டு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

ஆறு வாரம் லீவு என்றால் ரயில்வே டாக்டரிடம் போக வேண்டும். அவர் காலைப் பார்ப்பார். பார்த்தால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். நோய் இன்னதென்று தெரிந்தால் தாம்பரத்தில் எந்த வீட்டுக்காரன் வாடகைக்கு விடுவான்? பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில், "கால் போனா போவட்டும் தேவா. வேலை போவக்கூடாது. புள்ளைங்கள கல்லு மேல வெச்ச சோத்துக்கு வுட்டுட மாட்டேன்" என்றான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். ஒரு மனிதன் வேலைக்காகக் காலை ஏலம் விடுகிறான், அதற்கு நான் சாட்சி. சண்டை போட்டுப் பார்த்தேன். ஜெயசீலி அழுது பார்த்தாள். தினமும் சாயங்காலம் வெந்நீரில் காலைக் கழுவி, சதையில் குத்தியிருந்த கல்லை அவள் பொறுக்கி எடுப்பாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அதற்கப்புறம் அவன் செய்த தந்திரங்களைச் சொன்னால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். கையை மட்டும் டிராலியில் வைத்துக்கொண்டு காலைப் பூப்போல வைத்து ஓடிப் பார்த்தான். அவன் பக்கம் உதை இல்லாததால் என் பக்கம் டிராலி மாடு மாதிரி கனத்தது. பலகையில் உட்கார்ந்திருந்த துரைக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. "டேய் வெயிலு, கை வந்துகினு கீது, கால் எங்கடா?" என்று கத்தினான். குதிகாலால் உதைத்துப் பார்த்தான். வலது காலால் மட்டும் அழுத்தி, இடதைச் சும்மா தொட்டு எடுத்துப் பார்த்தான். இரண்டு நாளில் வலது கால் வலித்தது. வலிக்கிற காலுக்கு இரக்கப்பட்டு, வலிக்காத காலுக்கே மறுபடி பாரத்தை மாற்றினான். எந்த மனிதனும் அப்படித்தான் செய்வான். முணுமுணுக்காத காலாயிற்றே. மாத்திரையில் நோய் நின்றிருக்கலாம். புண் நிற்கவில்லை. கட்டை விரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி விழுந்தது. பஞ்சை அடைத்து, அதன் மேல் கோணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வர ஆரம்பித்தான்.

வெயில் சவுரி கோணி சுற்றுகிறான் என்பது செய்தியாகிவிட்டது. அறுபத்தொன்பது மே மாதம், கூடுவாஞ்சேரி வரை போய்த் திரும்புகிற வழியில், ராஜகோபாலன் சார் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடா சவுரி, இது யாரு வீட்டுக் காலு? வயசாயிடுச்சா?"

கேலிதான், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சின்னப்பனும் சிரித்தான். நான் சவுரியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கோணியை அவிழ்த்தான். பஞ்சையும் பிடுங்கி, மறைவாகக் கையில் சுருட்டி எறிந்தான். அந்தப் பெயர்தான் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அவன் நம்பினான். வெயில் சவுரியின் காலை யார் சோதிக்கப் போகிறார்கள்?

வண்டலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடைப் பாலம். டிராலியை இறக்கி வைக்கப் பக்கத்தில் இடமே கிடையாது, இரண்டு புறமும் பள்ளம். பாலத்தின் நடுவில் நாங்கள் இருக்கும்போது பின்னால் விசில் கேட்டது. தாமதமாக வரும் என்று சொல்லப்பட்ட கூட்ஸ், வளைவில் தலையை நீட்டியது.

"தள்ளுங்கடா!" என்று சார் அலறினார்.

நானும் சவுரியும்தான் தள்ளிக்கொண்டிருந்தோம். அவன் தன் பலம் முழுவதையும் போட்டு உதைத்தான். கால் பின்னால் போயிற்று, டிராலி முன்னால் போகவில்லை. வழுக்கிவிட்டது. எண்ணெய் போட்ட மாதிரி இடது கால் சறுக்கி, முழங்கால் சிலீப்பர் கட்டையில் மோத விழுந்தான். மறுபடி எழுந்து உதைத்தான். மறுபடி சறுக்கிற்று. ஒற்றை ஆளாக என்னால் முடியவில்லை. பலகையிலிருந்து துரையும் சின்னப்பனும் பின்பக்கமாகக் குதித்தார்கள். அவர்கள் உதைத்துக் குதித்த வேகத்திலேயே டிராலி ஒரு முழம் முன்னே போயிற்று. குடையைப் பிடித்தபடி சார் "மாதா, பிதா" என்றாரோ என்னவோ, காதில் விழவில்லை. சவுரி தண்டவாளத்தை விட்டு நடுவிலே கட்டைகளில் காலை ஊன்றித் தோளைக் கொடுத்தான். நாலு பேருமாகத் தள்ளிப் பாலத்தைத் தாண்டி, சாரை இறக்கி, டிராலியைத் தூக்கிச் சரளையில் போட்டோம். எங்கள் முதுகில் காற்று அடிக்க கூட்ஸ் போயிற்று.

அப்புறம் சாருக்கு உயிர் வந்தது. உயிரோடு கோபமும் வந்தது. "எந்தப் பயடா தண்டவாளத்துல எண்ணெயைக் கொட்டினது?" என்று பாலத்தின் மேல் திரும்பி நடந்தார். குனிந்து இரும்பைத் தொட்டார். விரலைப் பார்த்தார். அது எண்ணெய் இல்லை.

வண்டலூர்ப் பக்கமிருந்தே ஒரு பாதம் விட்டு ஒரு பாதமாகச் சிவப்புத் தடம் வந்துகொண்டிருந்தது. வெயிலில் முந்தின தடங்கள் கறுத்துக் காய்ந்திருந்தன. பாலத்து மேல் மட்டும் ஈரம். சார் தடத்தோடு நடந்து வந்து சவுரியின் முன்னால் நின்றார். நாங்கள் எல்லோரும் அவன் காலைப் பார்த்தோம். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அந்தக் குழிக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"வலிக்கலையா?" என்றார் சார்.

சவுரி அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். அதுவே போதுமாக இருந்தது. சார் பின்னால் நகர்ந்தார். "எத்தனை நாளா? நீ தொட்ட நாற்காலியிலயா நான் உக்காந்து வந்தேன்? நாளையிலேர்ந்து நீ வரக்கூடாது. வண்டலூர்ல பினாயில் வாங்கி இதைக் கழுவுங்கடா!" தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். சவுரி அவர் காலில் விழப் போனான். "சார், மாத்திரை துன்னுகினு கீறேன் சார், யாருக்கும் ஒட்டாது சார், டாக்டரம்மா சொன்னாங்கோ." இவன் ஒரு அடி முன்னால் வைத்தால் அவர் ஒரு அடி பின்னால் போனார். இவன் இன்னொரு அடி வைத்தான், அவரும் போனார். விழுவதற்கு அவனுக்கு ஒரு கால்கூடக் கிடைக்கவில்லை.

துரையும் முதலில் நகர்ந்தான், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உள்ளங்கையை நிக்கரில் தேய்த்துக்கொண்டான். அப்புறம் சவுரியையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். தன் பாதத்திலிருந்த ஈரக் கோணியை அவிழ்த்து, உட்கார்ந்து, சவுரியின் காலில் இறுக்கிக் கட்டினான். நானும் என்னுடையதை அவிழ்த்துக் கொடுத்தேன். சின்னப்பனும் கொடுத்தான். டிராலியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தோம்.

"ஏறுடா" என்றான் துரை, நாற்காலியைக் காட்டி.

"டேய், ரிப்போர்ட் பண்ணிடுவேன்!" என்றார் சார்.

"பண்ணிக்க சார். அவன் தொட்ட நாற்காலியாச்சே, நீ உக்கார மாட்டல்ல? பெருங்களத்தூர் கிட்டக்கத்தான் கீது. அப்படியே காலாற நடந்து வா."

மற்றதெல்லாம் ஊரறிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தண்டனை கிடைத்தது. சவுரியின் வேலை அந்த வாரமே போயிற்று, கால் ஆடி மாதம் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அஸ்தினாபுரத்தில் ஓர் ஓலை வீட்டுக்குப் போனார்கள். ஜெயசீலி சித்தாள் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தாள். எழுபத்தாறில் மஞ்சள் காமாலையில் அவன் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் துரையும் ஒருவன். ஆனால் வெயில் சவுரி என்றால் எனக்கு நினைவு வருவது அந்த மத்தியானம், பெருங்களத்தூர் வரைக்குமான அந்தத் தூரம்தான்.

அவன் குடைக்குக் கீழே நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். அத்தனை வருஷம் தள்ளினவன், ஒரு நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நாங்கள் கோணி இல்லாமல் வெறுங்காலில் ஓடினோம். இரும்பு அடுப்பாகக் கொதித்தது. "அய்யய்யோ", "அம்மாடி" என்று மூன்று பேரும் மாறி மாறிக் கத்தினோம். சின்னப்பன் பாதி தூரம் அழுதுகொண்டேதான் தள்ளினான்.

சவுரி திரும்பிப் பார்த்தான். "துரை, சுடுதா?"

"சுடுதாவா? உயிரு போவுதுடா."

"எங்க சுடுது? விரல்லயா, குதிகால்லயா?"

"எல்லா எடத்துலயும்தான். பேஜாரு பண்ணாம உக்காரு."

"சொல்லு மச்சான். எனக்கு மறந்துபோச்சு."

துரை தலையைக் குனிந்துகொண்டு இன்னும் பலமாக உதைத்தான். சவுரி முன்பக்கம் திரும்பினான். நாற்காலிக்குப் பக்கத்தில் டிராலியின் இரும்புச் சட்டம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அவன் கை இன்னும் மரத்துப்போகவில்லை. "கைய எட்றா, வெந்துபூடும்" என்று நான் கத்தினேன். அவன் விசும்பிக்கொண்டே பெருங்களத்தூர் வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.